கணம் வந்த கதை: ஒன்பதாம் வகுப்பின் முதல் பாடமும் அதற்குப் பின்னால் இருக்கும் மனிதர்களும்

தமிழ்நாடு அரசின் ஒன்பதாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தைத் திறந்தால் முதல் பாடமே 'கண மொழி'தான். 2018ல் வந்த பாடநூல் இது. மெய்யெண்கள், இயற்கணிதம், வடிவியல் எல்லாம் இதுக்கு அப்புறம்தான் வருது. எட்டாவது வரைக்கும் கூட்டல், பெருக்கல், வட்டி, பரப்பளவுன்னு போய்க்கிட்டு இருந்த பையன் முன்னாடி திடீர்னு ஒரு இரட்டை வளைவு அடைப்பு, அதுக்குள்ள நாலு எழுத்து, ரெண்டு வட்டம், கவுத்துப் போட்ட கிண்ணம், நிமித்தி வச்ச கிண்ணம். "இது கணக்கா சார்?"னு கேக்குறான். நியாயமான கேள்வி. அதுக்கு நம்மில் பெரும்பாலானவர்கள் சொல்ற பதில், "ஈசியான மார்க்குடா, விடாத".

மார்க்குக்காக மட்டும் இது முதல் பாடமா வரலை நண்பர்களே. இந்த ரெண்டு வட்டத்துக்குப் பின்னால மதுரையில் பிறந்த ஒருத்தர், மனநல மருத்துவமனையில் உயிர்விட்ட ஒருத்தர், சென்னை லயோலா கல்லூரியில் பாடம் எடுத்த ஒரு பிரெஞ்சுப் பாதிரியார், ரஷ்யா விட்ட ஒரு செயற்கைக்கோள்னு பெரிய கதையே இருக்கு. அதைத்தான் இந்தப் பதிவில் சொல்லப் போறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

முதல்ல அந்தச் சொல். கணம். நமக்கு இது புதுசே இல்லை. கணபதி என்றால் கணங்களுக்குத் தலைவன். பூதகணம், சிவகணம்னு கோயில்ல கேட்டிருப்போம். திருவள்ளூர் மாவட்டத்துக்காரங்களுக்கு இன்னும் பக்கம். காரைக்கால் அம்மையாரோடு சேர்த்துச் சொல்லப்படும் திருவாலங்காடு இங்கதான் இருக்கு. பேய்க்கணங்கள் சூழ இறைவன் ஆடுற இடம்னு அந்தத் தலத்துக்குப் பெயர்.

அதை விடுங்க, கல்யாணப் பொருத்தம் பார்க்கிறவங்க 'கணப் பொருத்தம்'னு ஒண்ணு சொல்வாங்க இல்லையா? 27 நட்சத்திரத்தையும் தேவகணம், மனுஷகணம், ராட்சசகணம்னு மூணாப் பிரிச்சு, ஒவ்வொண்ணுலயும் 9 நட்சத்திரம் வச்சிருக்காங்க. ஒரு நட்சத்திரம் ரெண்டு கணத்தில் வராது. எந்தக் கணத்திலும் சேராத நட்சத்திரமும் கிடையாது. பாடநூல் மொழியில் சொன்னா, மூணும் ஒன்றையொன்று வெட்டாக் கணங்கள், மூணையும் சேர்த்தால் அனைத்துக்கணம். ஜாதகத்தை நம்பச் சொல்லலை (எனக்கு நம்பிக்கை கிடையாது). ஆனா, ஒன்பதாம் வகுப்புக் கணத்தை எங்க பாட்டியும் ஒரு மாதிரி அறிந்துதான் வச்சிருந்தாங்கன்னு சொல்ல வந்தேன்.

சரி, கதைக்கு வருவோம்.

1806 ஜூன் 27. மதுரை. கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் இருந்த ஒரு அதிகாரியின் வீட்டில் ஒரு ஆண் குழந்தை பிறக்குது. (அதுக்கு ரெண்டு வாரம் கழிச்சு, ஜூலை 10ல், வேலூர்க் கோட்டையில் சிப்பாய்ப் புரட்சி வெடிச்சது. காலம் எப்படிப்பட்டதுன்னு பார்த்துக்கோங்க.) பிறந்த கொஞ்ச நாளிலேயே குழந்தைக்கு ஒரு கண்ணில் பார்வை போயிடுச்சு. ஏழு மாதத்தில் குடும்பம் இங்கிலாந்துக்குக் கப்பலேறிடுச்சு. அந்தக் குழந்தைதான் அகஸ்டஸ் டி மார்கன். ஆமாங்க, நம்ம புத்தகத்தில் 'டி மார்கன் விதிகள்'னு வருதே, அதே டி மார்கன்.

1828ல், 21 வயதில், புதுசா ஆரம்பிச்ச லண்டன் கல்லூரிக்குக் கணிதப் பேராசிரியர் ஆனார். 1847ல் தர்க்கம் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அதே ஆண்டில்தான் ஜார்ஜ் பூல் தன் முதல் தர்க்க நூலைக் கொண்டு வந்தார். வாக்கியங்களை இயற்கணிதம் மாதிரி எழுதிப் பார்க்கலாம் என்ற எண்ணம் இவங்க ரெண்டு பேர் காலத்தில்தான் கெட்டிப்பட்டது. டி மார்கன் பெயரில் இருக்கிற விதிகளை மத்தியகால ஐரோப்பிய தர்க்கவாதிகள் சொற்களில் சொல்லிட்டுத்தான் போனாங்க. இவர் அதைக் குறியீட்டுக் கணக்காக்கினார்.

இன்னொரு விஷயமும் சொல்லணும். டெல்லியில் ராமச்சந்திரா என்றொரு ஆசிரியர், நுண்கணிதம் இல்லாமலே பெருமம், சிறுமம் காணும் கணக்குகளைப் போட்டு ஒரு புத்தகம் எழுதியிருந்தார். அது டி மார்கன் கைக்குப் போச்சு. அவர் அதைப் படிச்சு, 1859ல் லண்டனில் தன் முன்னுரையோடு மறுபதிப்பா வரவச்சார். 1857 கலகம் முடிஞ்ச சூட்டில், ஒரு இந்தியக் கணக்கு வாத்தியாரின் புத்தகத்தை லண்டனுக்குக் கொண்டு போனவர் அவர்.

வட்டங்கள்? அதுக்கும் முன்னாடியே ஆய்லர் ஒரு ஜெர்மன் இளவரசிக்கு எழுதின கடிதங்களில் வட்டம் போட்டு தர்க்கம் சொல்லிக் கொடுத்திருக்கார். 1768ல் அந்தக் கடிதங்கள் அச்சாச்சு. 1880ல் ஜான் வென் அதை ஒழுங்குபடுத்தி, எல்லா வகைக்கும் பொருந்தற மாதிரி வரைந்து காட்டினார். அதனால வென்படம்.

இதுவரைக்கும் வந்தது தர்க்கம். 'கணம்' என்பதையே ஒரு பொருளா எடுத்து ஆராய ஆரம்பிச்சவர் கேண்டர். கியோர்க் கேண்டர். 1845ல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பிறந்து, ஜெர்மனியின் ஹாலே நகரில் பேராசிரியரா இருந்தவர். அவர் கேட்ட கேள்வி குழந்தை கேக்குற மாதிரி இருக்கும். எண்ணாமலே ரெண்டு கூட்டம் சமம்னு சொல்ல முடியுமா?

முடியும். காலையில் கும்மிடிப்பூண்டி எலக்ட்ரிக் ட்ரெயின்ல ஒரு பெட்டியைப் பாருங்க. எல்லா சீட்டிலும் ஆள் இருக்கு, யாரும் நிக்கலை, யார் மடியிலும் யாரும் இல்லை (கற்பனைதான், சிரிக்காதீங்க). அப்போ சீட்டும் ஆளும் சமம். எத்தனைன்னு தெரியவேண்டிய அவசியமே இல்லை. ஒண்ணுக்கு ஒண்ணு ஜோடி சேர்த்தா போதும்.

இதை முடிவில்லாத கணங்களுக்குப் போட்டுப் பார்த்தார் கேண்டர். 1க்கு 2, 2க்கு 4, 3க்கு 6னு ஜோடி சேர்த்துக்கிட்டே போனா, எல்லா இயல் எண்களுக்கும் ஒரு இரட்டை எண் ஜோடியாக் கிடைக்குது. அப்போ இரட்டை எண்கள் 'பாதி' இல்லை, சமம்! சரி, அப்போ எல்லா முடிவிலியும் ஒண்ணுதானோ? இல்லைன்னு 1873 டிசம்பரில் கண்டுபிடிச்சார். 1874ல் அச்சில் வந்தது. 1891ல் இன்னும் எளிமையா ஒரு நிரூபணம் கொடுத்தார். அதை சிப்காட் கம்பெனி வருகைப் பதிவேட்டை வச்சே சொல்லிடலாம்.

ஒரு பதிவேடு. முடிவில்லாத தொழிலாளர்கள், முடிவில்லாத நாட்கள். ஒவ்வொருத்தருக்கும் ஒரு வரிசை. 'வந்தார்', 'வரலை', 'வந்தார்', 'வந்தார்'னு போய்க்கிட்டே இருக்கும். சூப்பர்வைசர் சொல்றார்: "எத்தனை விதமா வருகை வரிசை இருக்க முடியுமோ அத்தனையும் இந்தப் பதிவேட்டில் இருக்கு". கேண்டர் சொல்றார்: "இல்லை. நான் ஒரு புது வரிசை எழுதறேன். முதல் ஆளோட முதல் நாளைப் பார்ப்பேன், வந்திருந்தா 'வரலை'ன்னு எழுதுவேன், வரலைன்னா 'வந்தார்'னு எழுதுவேன். ரெண்டாவது ஆளோட ரெண்டாவது நாள், மூணாவது ஆளோட மூணாவது நாள்... இப்படியே மாத்திக்கிட்டே போவேன்". இந்தப் புது வரிசை முதல் ஆளோட முதல் நாளில் வேறுபடும், நூறாவது ஆளோட நூறாவது நாளில் வேறுபடும். பதிவேட்டில் இருக்கிற எவரோடும் ஒத்துப் போகாது. அப்போ பதிவேடு முழுசு இல்லை. எத்தனை முறை திருத்தி எழுதினாலும் முழுசாகாது. அதாவது, எண்ணி வரிசைப்படுத்தவே முடியாத அளவுக்குப் பெரிய முடிவிலி ஒண்ணு இருக்கு.

ஒன்பதாவது பையனுக்கு இது புரியும். நான் சொல்லிப் பார்த்திருக்கேன். ரெண்டு நிமிஷம் யோசிச்சுட்டு, "ஏமாத்துறீங்க"ன்னான். அப்புறம் அஞ்சு நிமிஷம் கழிச்சு, "ஏமாத்தலை"ன்னான். அந்த அஞ்சு நிமிஷம்தான் கணக்கு.

கேண்டருக்கு என்ன கிடைச்சது? பெர்லினில் செல்வாக்கோடு இருந்த குரோனக்கர் இதை ஏத்துக்கவே இல்லை. கேண்டர் ஆசைப்பட்ட பெர்லின் வேலை கடைசி வரை கிடைக்கலை. 1884ல் முதல்முறையா மனநோய் தாக்கியது, திரும்பத் திரும்ப வந்தது. 1918 ஜனவரியில், முதல் உலகப்போரின் உணவுப் பஞ்சத்துக்கு நடுவில், ஹாலேயின் மனநல மருத்துவமனையில் இறந்து போனார். எதிர்ப்பினால்தான் நோய் வந்ததுன்னு சினிமா மாதிரி சொல்றவங்க உண்டு. அப்படி ஒரே கோடாப் போட முடியாது. ஆனா அவர் பட்ட பாடு உண்மை.

நடுவில் ரஸ்ஸல் ஒரு குண்டு போட்டார். தன்னையே உறுப்பாகக் கொள்ளாத கணங்கள் எல்லாத்தையும் சேர்த்து ஒரு கணம் செய்தா, அது தனக்குள்ளேயே இருக்குமா இருக்காதா? இருந்தா இருக்கக்கூடாது, இல்லைன்னா இருக்கணும். 1902ல் ஃப்ரெகேவுக்கு அவர் எழுதின கடிதத்தில் இதைச் சொன்னார். நினைச்சதையெல்லாம் கணம்னு சொல்ல முடியாதுன்னு அப்போதான் புரிஞ்சது. 1908ல் செர்மெலோ விதிகள் வகுத்தார். புத்தகத்தில் 'நன்கு வரையறுக்கப்பட்ட பொருட்களின் தொகுப்பு'ன்னு மனப்பாடம் பண்றோமே, அந்த 'நன்கு'வுக்குப் பின்னால இப்படி ஒரு பயம் இருக்கு.

இப்போ நம்ம ஊருக்கு எப்படி வந்தது?

1930ல் அலிகார் பல்கலைக்கழகத்துக்கு 23 வயசு பிரெஞ்சுக்காரர் ஒருத்தர் கணிதப் பேராசிரியரா வந்தார். ஆந்த்ரே வெய். ரெண்டு வருஷம் இருந்தார். திரும்பிப் போய் நண்பர்களோடு சேர்ந்து 'பூர்பாக்கி' என்ற கற்பனைப் பெயரில் ஒரு குழு அமைச்சார். மொத்தக் கணிதத்தையும் கணங்களை அடிப்படையா வச்சு முதல்லேருந்து எழுதணும்ங்கறது அவங்க திட்டம். வெற்றுக்கணத்துக்கு ஒரு வட்டத்தைக் குறுக்குக் கோடு போட்டு அடிச்ச மாதிரி ஒரு குறி இருக்கே, அது நார்வே மொழி எழுத்து. அதைக் கணிதத்துக்குக் கொண்டு வந்தவர் இந்த வெய்தான்.

வெய்யின் நண்பர் வட்டத்தைச் சேர்ந்த சார்ல்ஸ் ரசீன் என்ற ஏசுசபைப் பாதிரியார் 1930களின் இறுதியில் தமிழ்நாட்டுக்கு வந்தார். சென்னை லயோலா கல்லூரியில் பல ஆண்டுகள் பாடம் எடுத்தார். பழைய கேம்பிரிட்ஜ் பாணிக் கணக்குகளை மட்டும் போட்டுக்கிட்டு இருந்த காலத்தில், புதிய கணிதம் எங்கே போகுதுன்னு மாணவர்களுக்குக் காட்டினவர் அவர். அவரிடம் படிச்சவங்களில் ரெண்டு பேர் காஞ்சிபுரத்தில் பிறந்த சி.எஸ். சேஷாத்ரி, வட ஆற்காடு கிராமத்துப் பிள்ளை எம்.எஸ். நரசிம்மன். 1965ல் வந்த இவங்க ரெண்டு பேரின் தேற்றம் இன்னிக்கும் உலகம் முழுக்கப் பேசப்படுது. சேஷாத்ரி 1989ல் தொடங்கினதுதான் இப்போ சிறுசேரியில் இருக்கிற சென்னைக் கணிதவியல் கழகம்.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆர். வைத்தியநாதசுவாமி இருந்தார். 1947ல், சுதந்திரம் கிடைச்ச அதே ஆண்டில், கணங்களை அடிப்படையாகக் கொண்ட இடவியல் பற்றி அவர் எழுதின நூலை இந்தியக் கணிதவியல் கழகம் சென்னையில் வெளியிட்டது. பிறகு அமெரிக்காவிலும் மறுபதிப்பு வந்தது. ஆக, கணவியல் நம்ம ஊருக்குப் பள்ளிக்கூடம் வழியா வரலை. கல்லூரி வழியா, ரொம்ப உயரத்தில் வந்து இறங்கியது.

பள்ளிக்கூடத்துக்கு அதைத் தள்ளிவிட்டது 1957 அக்டோபர் 4. ரஷ்யா ஸ்புட்னிக் விட்ட நாள். அமெரிக்கா ஆடிப்போச்சு. நம்ம பசங்க கணக்கில் பின்தங்கிட்டாங்கன்னு 1958ல் ஒரு பெரிய குழு போட்டு, புதுப் பாடநூல்கள் எழுத ஆரம்பிச்சாங்க. 1959ல் பிரான்சில் நடந்த கருத்தரங்கில் பூர்பாக்கிக்காரரான தியுதொனே, யூக்ளிட் வடிவியலையே தூக்கிப் போடணும்னு முழங்கினார். 'புதுக் கணிதம்' பிறந்தது. ஆறு வயசுக் குழந்தைக்கு ஆப்பிள்களின் கணம், அதன் உட்கணம்னு பாடம்.

விளைவு? பெற்றோர்களுக்கு வீட்டுப்பாடம் புரியலை. ஆசிரியர்களுக்கே சரியாப் புரியலை. 1965ல் டாம் லேரர் இதைக் கிண்டல் பண்ணிப் பாட்டே பாடினார். அதே ஆண்டு இயற்பியலாளர் ஃபெயின்மேன், கலிஃபோர்னியாப் பாடநூல்களைப் படிச்சுப் பார்த்துட்டு, கணம் பற்றிய சொற்களை அறிமுகம் பண்றாங்க, அப்புறம் அதை எங்கேயுமே பயன்படுத்தலையேன்னு எழுதினார். 1973ல் மாரிஸ் க்ளைன் ஒரு புத்தகமே போட்டுத் தாக்கினார். அதோட அலை அடங்கிப் போச்சு.

அந்த அலை நமக்கும் வந்தது. 1960களில் ஆசிரியர்களுக்குக் கோடைக்காலப் பயிற்சிகள் நடந்தன. 1965ல் சென்னையில் இந்தியக் கணித ஆசிரியர் சங்கம் தொடங்கியது. அந்தத் தலைமுறையில் வடசென்னையில் ஒரு அபூர்வ மனிதர் இருந்தார். முத்தையால்பேட்டை உயர்நிலைப் பள்ளியின் கணக்கு வாத்தியார் பி.கே. சீனிவாசன். காகிதம் மடிச்சு, கல்லு அடுக்கி, கட்டம் போட்டு, கையால செஞ்சு பார்த்துக் கணக்கு கத்துக்கணும்னு கடைசி வரை சொன்னவர். ராமானுஜன் பற்றிய கடிதங்களையும் நினைவுகளையும் தேடித் தொகுத்து 1968ல் வெளியிட்டார். 1993ல் ராயபுரத்தில் ராமானுஜன் அருங்காட்சியகம் அமைச்சார். 2005ல் மறைந்தார். குறியீட்டுக்கு முன்னாடி பொருள், பொருளுக்கு முன்னாடி விளையாட்டு என்ற அவர் வழியில் கணம் பாடத்தை நடத்தியிருந்தா, இன்னிக்கு நான் இந்தப் பதிவு எழுத வேண்டிய அவசியமே இருந்திருக்காது.

அமெரிக்காவில் புதுக் கணிதம் போனாலும் கணங்கள் நம்ம புத்தகத்தில் தங்கிடுச்சு. 2011ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு பத்தாம் வகுப்புக்குச் சமச்சீர்ப் புத்தகம் வந்தபோதும் முதல் பாடம் 'கணங்களும் சார்புகளும்'தான். என்சிஇஆர்டி பாடத்திட்டத்தில் கணங்கள் 11ஆம் வகுப்பில் வருது. நம்ம பையன் ஒன்பதாவதிலேயே படிக்கிறான். இது நல்லதா கெட்டதா?

ஃபெயின்மேன் கேட்ட கேள்வியைத்தான் நானும் கேட்பேன். சொல்லிக் கொடுத்ததைப் பயன்படுத்துறோமா? பயன்படுத்தினா நல்லது. இல்லைன்னா அது இன்னொரு மனப்பாடச் செய்யுள்.

பயன்படுத்த நம்மகிட்ட எவ்வளவோ இருக்கு. மூர் மார்க்கெட்டிலிருந்து கிளம்பும் ரெண்டு புறநகர் ரயில் பாதையை எடுங்க. ஒரு கணம்: பேசின் பிரிட்ஜ், வியாசர்பாடி ஜீவா, பெரம்பூர், வில்லிவாக்கம், அம்பத்தூர், ஆவடி, திருநின்றவூர், திருவள்ளூர்னு அரக்கோணம் வரை. இன்னொரு கணம்: பேசின் பிரிட்ஜ், கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி. ரெண்டின் வெட்டு? மூர் மார்க்கெட்டும் பேசின் பிரிட்ஜும் மட்டும். கும்மிடிப்பூண்டிக்காரர் மாவட்டத் தலைநகரான திருவள்ளூருக்கு ரயிலில் போகணும்னா ஏன் பேசின் பிரிட்ஜ் வரைக்கும் வந்து மாறணும்னு இப்போ தெரியுதா? வெட்டுக் கணம்னா வண்டி மாறுற இடம். அது வெற்றுக்கணமா இருந்தா மாறவே முடியாது.

அடுத்து கார்டீசியன் பெருக்கல். பையன் பயப்படுவான். ஆனா ஒண்ணாம் வகுப்பிலேயே அதைப் படிச்சுட்டான். உயிர் 12, மெய் 18. ஒவ்வொரு மெய்யோடும் ஒவ்வொரு உயிரையும் ஜோடி சேர்த்தா உயிர்மெய் 216. வகுப்பறைச் சுவரில் தொங்குற அந்த அட்டவணை கார்டீசியன் பெருக்கல் அட்டவணைதான். ஆய்த எழுத்து ஓருறுப்புக் கணம். நாலையும் கூட்டினா 247. இதைவிட நல்ல உதாரணம் எந்த வெளிநாட்டுப் புத்தகத்திலும் கிடைக்காது.

டி மார்கன் விதி? "வீட்ல பாலோ தயிரோ இல்லை"ன்னு அம்மா சொல்றாங்க. அப்படின்னா "பாலும் இல்லை, தயிரும் இல்லை". 'ஓ' 'உம்'மா மாறுது. சேர்ப்பின் நிரப்பி, நிரப்பிகளின் வெட்டு. முதல் விதி முடிஞ்சது.

இதில் இன்னும் நுட்பம் இருக்கு. "எல்லாரும் வரலை"ன்னா ஒருத்தரும் வரலையா, சிலர் வந்து சிலர் வரலையா? முற்றும்மை எச்சமாகவும் பொருள் தரலாம்னு தொல்காப்பியச் சொல்லதிகாரம் சொல்லுது. எதிர்மறையோடு வரும்போது இப்படி ஆகும்னு உரைகாரர்கள் விளக்குறாங்க. அதாவது இலக்கண ஆசிரியர்கள் இந்த இடத்தில் ஒரு பள்ளம் இருக்குன்னு பல நூற்றாண்டுக்கு முன்பே பார்த்துட்டாங்க. அந்தப் பள்ளத்தில் விழாம இருக்கத்தான் குறியீடு.

விழுந்தா என்ன ஆகும்? ஒரு வேலைவாய்ப்பு நோட்டீஸ் இப்படி இருக்குன்னு வச்சுக்கோங்க: "ஐடிஐ படிப்பும் 2 வருட அனுபவமும் இல்லாதவர்கள் வரவேண்டாம்". ஐடிஐ முடிச்சு அனுபவம் இல்லாத பையன் போகலாமா கூடாதா? 'ரெண்டும் சேர்ந்து இருக்கணும், ஒண்ணு குறைஞ்சாலும் வராதே'ன்னு படிச்சா அவன் வெளியே. 'ரெண்டுமே இல்லாதவன் மட்டும் வராதே'ன்னு படிச்சா அவன் உள்ளே. வெட்டின் நிரப்பியா, நிரப்பிகளின் வெட்டா? தெளிவாக் கேக்கத் தெரிஞ்ச பையன் போன் போட்டுக் கேப்பான். தெரியாதவன் வீட்டிலேயே இருந்துடுவான். இதே மாதிரி, "உள்ளூர் மக்களுக்கு முன்னுரிமை"ன்னு ஒரு கம்பெனி சொன்னா, முதல் கேள்வி: 'உள்ளூர்' நன்கு வரையறுக்கப்பட்ட கணமா? பஞ்சாயத்தா, தாலுகாவா, மாவட்டமா? வரையறுக்காத வரைக்கும் யாரை வேணும்னாலும் உள்ளே விடலாம், வெளியே தள்ளலாம். 'நன்கு' என்ற சொல்லுக்கு ரஸ்ஸலை விடப் பக்கத்து உதாரணம் இது.

கடைசியா ஒரு கணக்கு. எண்கள் நான் போட்டவைதான், ஆனா சிப்காட் பக்கம் போனவங்களுக்கு நிலைமை தெரியும். ஒரு ஷிப்டில் 120 பேர். தமிழ் படிக்கத் தெரிஞ்சவங்க 85. இந்தி படிக்கத் தெரிஞ்சவங்க 55. ரெண்டும் தெரிஞ்சவங்க 30. எச்சரிக்கைப் பலகை தமிழிலும் இந்தியிலும் இருக்கு. எத்தனை பேரால் அதைப் படிக்க முடியும்? 85ம் 55ம் கூட்டினா 140, இருக்கிறதே 120 பேர்தான், அதனால எல்லாரும் படிச்சிடுவாங்கன்னு அவசரமா முடிவு பண்றவங்க உண்டு. தப்பு. 30 பேரை ரெண்டு தடவை எண்ணிட்டோம். 140லிருந்து 30 போனா 110. மீதி 10 பேருக்கு அந்தப் பலகை வெறும் பெயிண்ட். ஒடியாவோ தெலுங்கோ வங்காளமோ மட்டும் படிக்கத் தெரிஞ்சவங்களா இருக்கலாம், எதுவுமே படிக்கத் தெரியாதவங்களாவும் இருக்கலாம். ரெண்டு வட்டத்துக்கும் வெளியே, செவ்வகத்துக்கு உள்ளே நிக்கிறாங்க. பரீட்சையில் அந்த மூலைக்கு அரை மார்க். மெஷின் பக்கத்தில் அந்த மூலைக்கு விரல், கை, சில சமயம் உயிர்.

வென்படத்தைச் சுத்தி ஏன் ஒரு செவ்வகம் போடறோம்னு பசங்க கேப்பாங்க. இதுக்குத்தான். வெளியே யார் விடுபட்டாங்கன்னு பார்க்க.

கும்மிடிப்பூண்டியிலிருந்து வடக்கே கொஞ்ச தூரம் போனா ஆந்திரா. அங்கே பள்ளிக்கூடத்தில் கணத்துக்கு 'சமிதி'ன்னு பேர். மலையாளத்திலும் கன்னடத்திலும் நம்மள மாதிரியே கணம். இந்தியில் 'சமுச்சய்'. இலங்கைத் தமிழ்ப் பாடநூலில் 'தொடை'. நமக்குச் சேர்ப்பு, அவங்களுக்கு ஒன்றிப்பு. நமக்கு வெட்டு, அவங்களுக்கு இடைவெட்டு. தொடைன்னதும் சிரிக்காதீங்க. பூத்தொடுக்கிறதும் தொடைதான், யாப்பில் எதுகை மோனையும் தொடைதான். அருமையான சொல்.

1990ல் இலங்கையிலிருந்து வந்த குடும்பங்கள் தங்கவைக்கப்பட்ட முகாம் கும்மிடிப்பூண்டியில் இருக்கு. 2021லிருந்து அரசு அதை மறுவாழ்வு முகாம்னு சொல்லுது. அந்தக் கரையில் 'தொடை'ன்னு படிச்ச பிள்ளை இந்தக் கரையில் 'கணம்'னு எழுதணும்னா, அது வேற பாடம்னு நினைச்சுப் பயந்திருக்கலாம். ஆனா வட்டம் அதேதான். ஒண்ணுக்கு ஒண்ணு ஜோடி போட்டுப் பார்த்தா ரெண்டு சொல்லும் சரியாப் பொருந்திடும். கேண்டர் சொன்னதும் அதுதானே.

உங்க வீட்ல ஒன்பதாவது படிக்கிற பிள்ளை இருந்தா, இன்னிக்கு அந்த ரெண்டு ரயில் பாதையை வட்டமாப் போடச் சொல்லுங்க. சுத்தி ஒரு செவ்வகமும் போடச் சொல்லுங்க. அப்புறம், மாவட்டத்தில் எந்தெந்த ஊர் ரெண்டு வட்டத்துக்கும் வெளியே இருக்குன்னு கேளுங்க. ஊத்துக்கோட்டை, பெரியபாளையம், பள்ளிப்பட்டுன்னு பையனே சொல்ல ஆரம்பிப்பான். அந்த ஊர்க்காரங்க எப்படி வேலைக்குப் போறாங்கன்னு அடுத்த கேள்வி தானா வரும்.